தீர்த்தகிரியை ஜெயிக்க ஒரு எந்திரம்

மேட்டூரில் சுப்பையன் என்று கேட்டால் எந்தச் சுப்பையன் என்பார்கள். தாவுராஜா என்று கேட்டால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கம்பெனிக் குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றுகிறவர், அணைக்குப் போகிற வழியில் மீன் வறுத்து விற்கிற பெண்கள், டவுன் பஸ் கண்டக்டர்கள், எல்லோருக்கும் அந்தப் பெயர்தான். வைத்த புண்ணியவான் தீர்த்தகிரி, சுப்பையன் வேலை பார்த்த கம்பெனியின் கணக்கு அதிகாரி. அந்த மனுஷனை அதே ஊரில், அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்த அதே கூட்டத்தின் முன்னால் தலைகுனிய வைக்காமல் ஓய்வதில்லை என்று சுப்பையன் இருபத்துச் சொச்சம் வயதில் தீர்மானித்தான். மன்னிப்பது பெரிய குணம் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். இது அந்தக் குணம் இல்லாதவனின் கதை.

சுப்பையனின் ஊர் எடப்பாடிக்கு மேற்கே. வானம் பார்த்த பூமி. நிலக்கடலையும் சோளமும் விளையும். பள்ளிக்கூடத்திலிருந்தே கணக்கு என்றால் அவனுக்கு வெல்லம். சேலத்தில் பி.எஸ்சி. முடித்த கையோடு மேட்டூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில், சம்பளக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கணக்கைத் தவிர அவனிடம் இருந்த இன்னொரு சொத்து சதுரங்கம். கோயில் மேடையில் கரிக்கட்டியால் கட்டம் போட்டு ஆடுவார்கள். ஊரில் அவனை ஜெயித்து எழுந்தவர் யாரும் இல்லை.

அந்தப் பக்கத்துச் சதுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவுக்கு ஒரு தடவைகூட செக் விழாமல் இருந்தால், அவர் ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாவிக்கொள்ளலாம். யார் எப்போது ஏற்படுத்தினார்களோ, எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள். கம்பெனி மனமகிழ் மன்றத்துச் செஸ்ஸில் சிப்பாய் முதல் முறை இரண்டு கட்டம் போகும், ராஜாவும் யானையும் இடம் மாறிக்கொள்ளும் என்பதையெல்லாம் அவன் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டான். ராஜா தாவுவதை மட்டும் அங்கே யாரும் செய்து அவன் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவசியம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அந்தத் தாவல் இல்லாமல் ஒரு சதுரங்கம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்த மண்ணில் பிறந்த யாருக்கும் தோன்றியிருக்காது.

எழுபத்து நான்காம் வருஷம் மன்றத்தின் போட்டியில் ஒவ்வொருவராகத் தட்டிவிட்டுக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டான். எதிரே தீர்த்தகிரி. வருஷா வருஷம் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர். கோப்பை வாங்குவது அவருக்குச் சிரமமான காரியமும் இல்லை. எதிரில் உட்காருகிறவர்களில் பாதிப்பேர் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். அதிகாரியை ஜெயித்துவிட்டு மறுநாள் காலையில் அவரிடமே போய் லீவு கேட்க முடியுமா? சுப்பையனுக்கு அந்த விவரம் எல்லாம் தெரியாது. கிராமத்தான் அல்லவா, ஆட வந்த இடத்தில் ஆடினான். ஒரு யானையும் இரண்டு சிப்பாயும் கூடுதலாக எடுத்துவிட்டான். தீர்த்தகிரியின் நெற்றியில் வேர்வை வந்துவிட்டது.

கடைசி முயற்சியாகத் தீர்த்தகிரி தம் ராணியையும் மந்திரியையும் சுப்பையனின் ராஜா பக்கம் திருப்பினார். சுப்பையன் பதறவில்லை. தன் ராஜாவுக்கு அதுவரை செக்கே விழவில்லை. ராஜாவைத் தூக்கினான், குதிரை மாதிரி ஒரு தாவு தாவ வைத்து, பத்திரமான மூலையில் உட்கார வைத்தான்.

தீர்த்தகிரி உடனே ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் சுப்பையனால் பிற்பாடு ஜீரணிக்க முடியவில்லை. "தம்பி, இங்க அந்த வழக்கம் இல்லை" என்று காதோடு சொல்லியிருந்தால் முடிந்தது. அந்த ஆள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள், வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரையும் கை தட்டிக் கூப்பிட்டார்.

"வாங்கய்யா, வாங்க. எடப்பாடி ராஜாவைப் பாருங்க. குதிரை செத்துப் போச்சுன்னு தானே தாவிப் போறாரு!"

கூடம் அதிர்ந்தது. சிரிக்கத் தெரியாதவன்கூடச் சிரித்தான். அதிகாரி சொன்ன நகைச்சுவை ஆயிற்றே. சிரிப்பு ஓய்ந்த பிறகு, தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்று விதியை எடுத்து வைத்தார். சுப்பையனின் ராஜா போவதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அங்கே போனதும் ஆட்டம் முடிந்தது. ஜெயித்த ஆட்டத்தைத் தோற்று, தாவுராஜா என்ற பெயரோடு குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினான்.

மறு வருஷம் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனான். மன்றத்துக்குச் செயலாளரும் அந்த ஆள்தான். "விதி தெரிஞ்சவங்களுக்குத்தான் போட்டி. நீ கேரம் ஆடு" என்று அனுப்பிவிட்டார். அதற்கும் அடுத்த வருஷமும் அதே பதில்தான். தனியாக ஒரு ஆட்டம் ஆடலாமா என்று கேட்டுப் பார்த்தான். "தாவுராஜாகூட ஆடினா என் ராணிக்குப் பயமா இருக்குப்பா" என்றார், பக்கத்தில் நாலு பேர் இருக்கிற நேரம் பார்த்து. அன்றைக்குச் சுப்பையன் ஒரு முடிவுக்கு வந்தான். அந்த ஆளை வீழ்த்துகிற வரைக்கும் இனிச் செஸ் காயைக் கையால் தொடுவதில்லை.

இது அவனோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்யாணத்தன்று, மாலையும் கழுத்துமாக நிற்கிற இடத்தில், தீர்த்தகிரி பித்தளைக் குத்துவிளக்கை நீட்டிக்கொண்டே மணப்பெண் சென்னியம்மாளிடம், "பாத்தும்மா, உங்க ராஜா திடீர்னு தாவிருவாரு, பிடிச்சு வெச்சுக்க" என்றார். மேடையைச் சுற்றி நின்ற கம்பெனிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று மாமனார் கலங்கிப்போய், மறுநாள் ஆள்விட்டு விசாரித்தார்.

சென்னியம்மாள் நாலு நாள் பொறுத்திருந்து புருஷனிடமே கேட்டாள். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் ஊரும் ராஜா தாவுகிற ஊர்தான். சதுரங்கத்தில் அண்ணன்மாரையெல்லாம் அழ வைத்தவள் அவள்.

"தாவாத ராஜா என்னங்க ராஜா? கால் ஒடிஞ்ச ராஜாவா?" என்றாள். பிறகு, "அந்தாளை என்ன பண்ணலாம்னு இருக்கறீங்க?" என்று கேட்டாள். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே பகை வாய்ப்பது சாதாரணமில்லை. அந்தக் குடித்தனம் கெட்டியாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

எழுபதுகளின் முடிவில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பீரோ பீரோவாக நாலைந்து, அதற்கென்று குளிர்பதன அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். கணக்குப் படித்தவன் என்று சுப்பையனைப் பெங்களூருக்கு அனுப்பி புரோகிராம் எழுதக் கற்றுவரச் செய்தார்கள். சம்பளப் பட்டியல் போடுவதற்காக அனுப்பினார்கள். அவன் என்னத்துக்காகக் கற்றுக்கொண்டு வந்தான் என்று யாருக்கும் தெரியாது.

சேலத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எடைக்கு வந்து விழும். அதில்தான் அவன் அந்தச் செய்தியை முதலில் பார்த்தான். சீமையில் எந்திரங்கள் செஸ் ஆடுகின்றன. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் பெட்டிக்குள் ஆளை ஒளித்து வைத்து, எந்திரம் ஆடுகிறது என்று ராஜாக்களையே ஏமாற்றியிருக்கிறான். பிறகு நிஜமாகவே கணக்குப் போட்டு ஆட வைக்க முயன்றவர்கள், கம்ப்யூட்டர் கிடைக்காமல் காகிதத்தில் தாங்களே கம்ப்யூட்டராக உட்கார்ந்து, ஒரு காயை நகர்த்த அரைமணி நேரம் கூட்டிக் கழித்திருக்கிறார்கள். பத்து வருஷத்துக்குள் எந்த எந்திரமும் என்னை ஜெயிக்காது என்று பந்தயம் கட்டிய வெள்ளைக்கார ஆட்டக்காரர் ஒருவர் ஜெயித்தும் காட்டினார். ஆனால் அவரும் முழுசாகத் தப்பவில்லை. அந்தத் தொடரில் ஒரு ஆட்டத்தை எந்திரம் பிடுங்கிக்கொண்டது. அதைப் படித்தபோது பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே சுப்பையன் வாய்விட்டுச் சிரித்தான். தீர்த்தகிரி தாவுராஜாவோடு ஆட மாட்டார். எந்திரத்தோடு ஆட மாட்டேன் என்று சொல்வாரா? வேடிக்கை காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுகிற ஆளா அவர்?

முதல் முயற்சி கம்பெனிக் கம்ப்யூட்டரில். மதியச் சாப்பாட்டு வேளையில், சம்பள வேலை இல்லாத நாளாகப் பார்த்து, தான் எழுதிய புரோகிராமை ஓடவிட்டான். நான் இப்படிப் போனால் அவன் எப்படிப் போவான், அதற்கு நான் எப்படிப் போவேன் என்று எல்லா வழியையும் எந்திரம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வழியும் முப்பது வழியாகப் பிரியும். அந்த முப்பதும் தலைக்கு முப்பதாகப் பிரியும். சாப்பிடப் போனவர்கள் திரும்பி வந்தும் எந்திரம் முதல் காயையே நகர்த்தவில்லை. அன்றைக்கென்று அவசரப் பட்டியல் ஒன்று கேட்டு வந்த தீர்த்தகிரி அதைப் பார்த்துவிட்டார்.

"சம்பளம் போடற மெஷின்லயும் ராஜா தாவ ஆரம்பிச்சிட்டாரா?" என்றார். மெமோ வந்தது. சுப்பையனைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து எடுத்து, மறுபடியும் வவுச்சர் மேஜையில் போட்டார்கள். வாயால் அடித்தது போதாதென்று வயிற்றிலும் அடித்துவிட்டார். சுப்பையனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச ஈரமும் அன்றைக்குக் காய்ந்துபோயிற்று.

சென்னியம்மாளின் தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தான். எண்பத்தைந்தில் லீவுக்கு வருகிறவன், அக்காவுக்கு என்ன கொண்டுவரட்டும் என்று எழுதிக் கேட்டான். மிக்சி வேண்டும் என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸில் மூன்று வீட்டில் மிக்சி வந்துவிட்டது.

"மிக்சி வேண்டாம்னு எழுதிட்டேன்" என்றாள் புருஷனிடம். "டி.வி.யில மாட்டற கம்ப்யூட்டரு ஒண்ணு இருக்குதுன்னு சொன்னீங்கல்ல, அதைக் கொண்டாரச் சொல்லியிருக்கறேன். நான் ஆட்டுக்கல்லுலயே அரைச்சுக்கறேன். நீங்க அந்தாளை அரைங்க."

வந்த பெட்டி ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான், மேலேயே எழுத்து விசைகள். டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டுத்தான் அதற்குப் புரோகிராமை ஊட்ட வேண்டும். ஊட்டும்போது அது கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுப் பாவாயி, யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று இரண்டு முறை ஓடி வந்தாள். அணைக்கட்டுக்குக் கீழே, கரண்ட் பிறக்கிற இடத்திலேயே குடியிருந்தும், மேட்டூரில் கரண்ட் போகும். போனால் பெட்டியின் மூளையில் இருந்த எல்லாம் போச்சு. மறுபடியும் கேசட், மறுபடியும் கத்தல். ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி. பார்க்க அக்கம்பக்கம் முழுக்க வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர்கள் எழுந்து போகிற வரைக்கும் சுப்பையன் பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுவான்.

சிக்கல் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. எல்லா வழியையும் பார்க்க வேண்டியதில்லை என்பதைப் பத்திரிகையில் படித்துப் புரிந்துகொண்டதும் சென்னியம்மாளுக்கு விளக்கினான். "சந்தையில மாடு பாக்கறோம். பல்லைப் பாத்ததுமே கிழடுன்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் வாலை எதுக்குப் பாக்கோணும், சுழியை எதுக்குப் பாக்கோணும்? அடுத்த மாட்டுக்குப் போயிரலாம். அதே மாதிரி, ஒரு வழி மோசம்னு ஒரே பதில்ல தெரிஞ்சுட்டா, மீதிப் பதிலைப் பாக்காம வெட்டி உட்ரலாம்." வெட்டிவிட்டதும் மணிக்கணக்கு நிமிஷக்கணக்காகக் குறைந்தது.

அடுத்தது இன்னொரு கோளாறு. எந்திரம் நாலு நகர்த்தல் தூரம் பார்க்கும். ஐந்தாவது கண்ணுக்குத் தெரியாது. நாலாவதில் எதிரியின் சிப்பாயை ராணியால் வெட்டிவிட்டு, லாபம் என்று குதிக்கும். ஐந்தாவதில் அந்த ராணியே போகப்போவது அதற்குத் தெரியாது. வெட்டுகள் ஓய்கிற வரைக்கும் பார்வையை நீட்டும்படி சுப்பையன் எழுதிச் சேர்த்தான். பெட்டியோடு பகல் வேளையில் ஆடிப் பார்ப்பது சென்னியம்மாளின் வேலை. ஆட்டுக்கல்லில் மாவு ஆடிக்கொண்டே, காயை நகர்த்த வேண்டிய சமயத்தில் எழுந்து வந்து ஈரக்கையோடு விசையைத் தட்டுவாள். முதல் நாள் ராஜாவைத் தாவ வைக்கப் பார்த்தாள். அது முடியாது என்று எந்திரம் திரையில் எழுதிக் காட்டியது.

"இதுக்கும் அந்தாளு புத்திதானாட்டிருக்குது" என்று பெட்டியைத் திட்டினாள்.

சீமையில் ஆட வைத்தவர்கள் எல்லோரும் உலக சாம்பியனை ஜெயிக்க வேண்டும் என்று எழுதினார்கள். சுப்பையன் அப்படி இல்லை. தீர்த்தகிரி என்ற ஒரே ஒரு மனுஷனை ஜெயிக்க எழுதினான். மன்றத்தில் அந்த ஆள் ஆடுகிற ஆட்டத்தை எல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, வருஷக்கணக்காகப் பார்த்து மனசில் வாங்கியிருந்தான். ஆரம்பத்திலேயே ராணியை வெளியே கொண்டுவருவார். ராணிக்கு ராணி மாற்றிக்கொள்ள மாட்டார், உயிரே போகிற மாதிரி இழுத்துக்கொண்டு ஓடுவார். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அகலக்கால் வைப்பார். இக்கட்டு வந்துவிட்டால் தண்ணீர் கேட்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், எழுந்து போவதற்கு வழி தேடுவார். காயை நகர்த்துகிற குணமெல்லாம் புரோகிராமில் ஏறிற்று. தண்ணீர் கேட்பதையும் கடிகாரம் பார்ப்பதையும் எழுத வழியில்லை. அது சுப்பையனிடமே தங்கிவிட்டது.

எண்பத்தெட்டில் தீர்த்தகிரி ஓய்வு பெறப் போகிறார் என்று தெரிந்தது. கடைசி மாசம். மன்றத்தின் ஆண்டு விழாவும் அப்போதுதான். சுப்பையனுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது விட்டால் அந்த ஆள் மாலையும் கையுமாகச் சேலத்துக்குப் போய்ச் சொந்த வீட்டில் காலை நீட்டிவிடுவார். தாவுராஜா மட்டும் மேட்டூரிலேயே கிடப்பான். மன்றத்தின் புதுச் செயலாளர் மருதாசலம் நல்ல மனுஷர். அவரிடம் போய், விழாவில் கம்ப்யூட்டரோடு ஒரு செஸ் ஆட்டம் வைக்கலாம், சார்தான் ஆட வேண்டும், அவரை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றான். மருதாசலம் சொன்ன மறுநிமிஷமே தீர்த்தகிரி சம்மதித்துவிட்டாராம். சுப்பையன் நினைத்தது போலவேதான்.

விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பொது மேலாளர், பக்கத்தில் பெரிய அதிகாரிகள். இடது பக்கம் பெண்கள். நடுவில் மேஜை, மேஜை மேல் செஸ் பலகை, அதை அடுத்து டி.வி.யும் பெட்டியும். சுப்பையன் விசைப் பலகையோடு உட்கார்ந்தான். எந்திரத்தின் காய்களை நகர்த்த மருதாசலம் நின்றார். தீர்த்தகிரி பட்டு ஜிப்பாவில் வந்தார். உட்காருவதற்கு முன்னால் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"உள்ள ஆளு யாரையும் ஒளிச்சு வெக்கலியே?" என்றார். கூடம் சிரித்தது.

நாலாவது நகர்த்தலிலேயே ராணி வெளியே வந்தது. எந்திரம் நிமிஷக்கணக்கில் யோசித்தது. தீர்த்தகிரி அந்த நேரமெல்லாம் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ராணிக்கு ராணி மாற்றிக்கொள்ளச் சொல்லி எந்திரம் மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் அந்த ஆள் இழுத்துக்கொண்டு ஓடினார். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு சிப்பாய் போயிற்று, கடைசி ஓட்டத்தில் குதிரையே போயிற்று. பேச்சு நின்றது. தண்ணீர் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து மருதாசலம் எந்திரத்தின் யானையைக் கடைசி வரிசையில் வைத்து, "செக்மேட்டுங்க சார்" என்று தயக்கத்தோடு சொன்னார்.

இதற்காகத்தான் சுப்பையன் இத்தனை வருஷம் காத்திருந்தான். தீர்த்தகிரியின் முகத்தையே பார்த்தான். அந்த முகம் சுருங்கும், கருக்கும், தொங்கும் என்று பார்த்தான்.

தீர்த்தகிரி எழுந்தார். சிரித்தார். டி.வி. பெட்டியின் தலையைத் தட்டிக்கொடுத்தார். மைக்கை வாங்கினார்.

"ரயில்கூட ஓடித் தோத்தவனைப் பாத்து யாராவது சிரிப்பாங்களா? நான் இன்னைக்கு ரயில்கூட ஓடினேன்! மேட்டூர்லயே முதல் ஆளு!" என்றார். கை தட்டல் கூரையைப் பிய்த்தது. "நாளைக்கு உலகச் சாம்பியனே இதுங்ககிட்டத் தோக்கப் போறான், எழுதி வெச்சுக்குங்க. அப்ப நானும் அவனும் ஒண்ணு. எல்லாம் யாரால? நம்ம தாவுராஜாவால! ராஜா தாவித் தாவிக் கம்ப்யூட்டருக்குள்ளேயே போயிட்டாருப்பா!"

கூடம் சிரித்தது. முதல் தடவை சிரித்ததற்கு இம்மியும் குறையாமல் சிரித்தது. பொது மேலாளர் எழுந்து வந்து தீர்த்தகிரியின் கையைக் குலுக்கினார்.

தான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று சுப்பையனுக்கு அப்போதுதான் புரிந்தது. எந்திரத்திடம் தோற்றால் யாருக்கும் அவமானம் இல்லை. அது இன்னும் நன்றாக ஆட ஆட, அதனிடம் தோற்பதில் இருக்கிற வெட்கம் இன்னும் குறையத்தான் செய்யும். ஒரு கட்டத்தில் தோற்பதே பெருமையாகிவிடும். வெட்கம் என்றால் மனுஷனிடம்தான் தோற்க வேண்டும். அதுவும் நமக்குக் கீழே என்று நினைத்த மனுஷனிடம். மிக்சியைத் துறந்து, ஞாயிற்றுக்கிழமைகளைத் துறந்து, தன் எதிரிக்கு ஒரு பொன்னாடையை நெய்து கொடுத்திருக்கிறான். மேஜைக்கு அடியில் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினான். டி.வி. அணைந்தது.

எழுந்து சுற்றி வந்து, எந்திரம் ஆடிய பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்கினான். தீர்த்தகிரியின் வெள்ளைக் காய்களையும் அவனே அடுக்கி வைத்தான். கூட்டம் என்னவென்று புரியாமல் எட்டிப் பார்த்தது.

"சாருங்க" என்றான். "மெஷினு ஆடிருச்சுங்க. இப்ப என்கூட ஒரே ஒரு ஆட்டம்."

தீர்த்தகிரியின் சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது. "இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்ப்பா."

"இந்த மாசத்தோட போயிருவீங்களே. அப்புறம் ஏதுங்க இன்னொரு நாளு?"

"நேரமாச்சு சுப்பையா."

"மெஷினு யோசிச்ச நேரமெல்லாம் உக்கார்ந்திருந்தீங்களே. நான் அத்தனை நேரம் எடுத்துக்க மாட்டேனுங்க. விதி தெரிஞ்சவங்களுக்குத்தான் போட்டின்னு சொன்னீங்க. அந்த மெஷினுக்கு விதி சொல்லிக் குடுத்தவனே நான்தானுங்க."

பொது மேலாளருக்கு உள் விவகாரம் தெரியாது. "ஆடுங்களேன் தீர்த்தகிரி, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று உற்சாகமாகச் சொன்னார். தீர்த்தகிரி நாற்காலியின் முதுகைப் பிடித்தார். உட்காரப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பலகையைப் பார்த்தார், சுப்பையனைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்குதுங்க சார். மாத்திரை வேளை" என்றார் பொது மேலாளரிடம். நாற்காலியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சென்னியம்மாளின் குரல் வந்தது. கத்தவில்லை; பக்கத்தில் இருக்கிற பாவாயியிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது.

"மெஷினுகிட்ட ஆடறப்ப வராத கொதிப்பு, மனுசங்கிட்ட ஆடறப்ப மட்டும் வருதாட்ட இருக்குதுங்க."

பாவாயி முதலில் சிரித்தாள். பிறகு பெண்கள் வரிசை. பிறகு வவுச்சர் மேஜைக்காரர்கள், இத்தனை வருஷம் அந்த ஆளிடம் தோற்றுக் கொடுத்தவர்கள், வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்துப் பொத்த முடியாமல் விட்டுவிட்டார்கள். பொது மேலாளர் அடக்கப் பார்த்தார். அவருக்கே தோள் குலுங்கியது. தீர்த்தகிரி ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். முகம் சுருங்கியது, கருத்தது, தொங்கியது. சுப்பையன் ஒன்று விடாமல் பார்த்தான். மனசு குளிர்ந்தது என்று சொன்னால் போதாது. அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பாவம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து கம்பெனியில் எவனாவது வேலைக்கு மட்டம் போட்டால், "என்னப்பா, மாத்திரை வேளையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஓய்வு பெறுகிற நாளில் தீர்த்தகிரி வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

விழா முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் குவார்ட்டர்ஸுக்கு நடந்தார்கள். பாதி வழியில் சென்னியம்மாள் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தாளு உக்கார்ந்திருந்தா செயிச்சிருப்பீங்களா?"

"தெரியாது புள்ள. இத்தனை வருசமா கையால ஒரு காயைத் தொட்டதில்ல. மெஷினுக்குச் சொல்லிக் குடுத்ததோட சரி. தோத்தாலும் தோத்திருப்பேன்."

அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். "அப்புறம் எந்தத் தைரியத்துல கூப்ட்டீங்க?"

"உக்கார மாட்டாருன்னு தெரியும்" என்றான் சுப்பையன். "வேற யாரைப் படிச்சேன் நானு, அந்தாளைத் தவிர?"